சுவரில் பெட்டி எழும்பும் வித்தை



ஆயுதபூஜை வந்தால் கடைக்கும், பொங்கல் வந்தால் வீட்டுக்கும் வெள்ளையடிப்பது நம் வழக்கம். வெள்ளையடித்த மறுநாளே சுவர் மொட்டையாக இருக்கிறது என்று வீட்டில் பேச்சு வருவதும் வழக்கந்தான். மண்ணூர்பேட்டையில் கீழே கடையும் கிடங்கும், மேலே வீடுமாக இருக்கும் எங்கள் இடத்தில், போன பொங்கலுக்கு முன் அந்தப் பேச்சு வந்தது. கூடத்தின் அகலம் 10 அடி. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவர் முகத்தில் அடிப்பது போல நிற்கும். சுவர் தட்டையாக இல்லாமல் பெட்டி பெட்டியாக முன்னால் வந்து நிற்பது போன்ற ஒரு படத்தைக் கைபேசியில் காட்டி, "இது மாதிரி செய்யலாமா மாமா?" என்று மருமகள் கேட்டார். ஒப்பந்த வேலைக்காரர் கேட்ட கூலி, எங்களுக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசியின் விலையைவிட அதிகம். தகடு வைத்து அடிக்கிற வேலைதானே, நாமே அடித்தால் என்ன என்று தோன்றியது. அதில் கற்றதையும், இரண்டு இடங்களில் புத்தி கெட்டுப்போனதையும் சக வியாபாரிகளுக்குச் சொல்வதே இந்தப் பாடம்.

தகடு நமக்குப் புதிதல்ல. 1976 வாக்கில் கொத்தவால்சாவடிப் பக்கம் ஒரு மண்டியில் நாங்கள் பையனாக வேலைக்கு நின்றபோது, கோணி மூட்டைக்கு மார்க்கா அடிப்பதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தார். எழுத்து வெட்டிய தகரத் தகட்டை மூட்டையின் மேல் அழுத்தி, கருப்பு மையில் தோய்த்த பிரஷ்ஷால் குத்துவார். தகட்டை எடுத்தால் எழுத்து அச்சடித்தது போல நிற்கும். இன்று ஸ்டென்சில் என்று சொல்லி விற்பது அதே சரக்குதான். மார்கழியில் நம் கடைகளிலேயே தொங்கும் ஓட்டை போட்ட கோலத் தகடும் இதற்குத் தம்பி.

அந்தப் பெரியவரிடம் கற்ற இரண்டு விஷயங்கள் ஐம்பது வருஷம் கழித்துச் சுவரில் உதவின. தகடு வெட்டும்போது 'வ' போன்ற எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் துண்டு தனியே கழன்று விழுந்துவிடும். அது விழாதிருக்க ஒரு சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும். மார்க்கா எழுத்துகளில் அங்கங்கே வெட்டு விழுந்தாற்போல் இருப்பதன் காரணம் இதுவே. இரண்டாவது, பிரஷ்ஷை மையில் தோய்த்ததும் மூட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் கிடக்கும் கிழிந்த சாக்கில் நாலு குத்துக் குத்தி, மை போய்விட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு வற்றிய பிறகுதான் தகட்டின் மேல் வைக்க வேண்டும். ஈரப் பிரஷ் வைத்தால் மை தகட்டுக்கு அடியில் ஓடி எழுத்து தாடி வளர்த்துவிடும். அதற்காகப் பெரியவரிடம் நாங்கள் வாங்கிய குட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இனி பெட்டி எப்படி எழும்புகிறது என்பதைப் பார்ப்போம். பக்கம் சமமான இரண்டு முக்கோணங்களை ஒட்டினால் ஒரு சாய்சதுரம் கிடைக்கும். பள்ளியில் படித்ததுதான். அப்படிப்பட்ட மூன்று சாய்சதுரங்களை ஒரு புள்ளியில் சேர்த்து வைத்தால் ஆறு பக்க உருவம் வரும். மேலே இருப்பதற்கு வெளிர் நிறம், இடப்பக்கம் இருப்பதற்கு நடுத்தரம், வலப்பக்கம் இருப்பதற்கு அடர் நிறம் கொடுத்தால், தட்டைச் சுவரில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் மேலேயிருந்து வருவதுதான் நம் கண்ணுக்குப் பிறந்தது முதல் பழக்கம். மேல்பக்கம் வெளுத்தும் ஒரு பக்கம் இருண்டும் இருந்தால் அது கனமுள்ள பொருள் என்று மூளை தீர்ப்பு எழுதிவிடுகிறது. கையால் தடவிப் பார்த்துத் தட்டை என்று தெரிந்த பிறகும் அந்தத் தீர்ப்பு மாறுவதில்லை. சற்று நேரம் உற்றுப் பார்த்தால் பெட்டிகள் திடீரென்று தலைகீழாகி, முன்னால் நின்றவை குழியாகிவிடும். சுவிட்சர்லாந்துக்காரரான நெக்கர் என்பவர் 1832-இலேயே, படிகங்களின் கோட்டுப் படங்களைப் பார்க்கையில் அவை இப்படிப் புரண்டு தோன்றுவதை எழுதிவைத்திருக்கிறார்.

இந்த வேலைப்பாடு மிகப் பழையது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பாம்பேய் நகரில் ஒரு செல்வந்தர் வீட்டுத் தரையில், மூன்று நிறக் கல்லை வெட்டிப் பதித்த இதே பெட்டிகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் பார்க்க விரும்புவோர் காரைக்குடி வட்டாரத்துக்குப் போகலாம். கடல் கடந்து வியாபாரம் செய்த நகரத்தார் கட்டிய வீடுகளில் ஆத்தங்குடிப் பூக்கல் பதித்திருப்பது தெரிந்ததே. அந்தக் கற்களிலும் இந்தப் பெட்டிக் கோலம் உண்டு.

ஆத்தங்குடிக் கல் செய்வதும் ஒருவகைத் தகட்டு வேலையே. கண்ணாடியைக் கீழே வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தையும், சட்டத்துக்குள் கோலத்தின் வடிவில் வளைத்த அச்சையும் இறக்குகிறார்கள். ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிவிடுகிறார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தொட்டுக்கொண்டு நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்பு ஈரக் கலவை வைத்து மட்டம் செய்து, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடி கழன்று வந்தால் முகம் பளபளவென்று இருக்கும். அச்சை நேராகத் தூக்குகிற அந்த ஒரு நொடியில்தான் தொழிலே இருக்கிறது. சுவரில் தகட்டை எடுக்கும்போதும் அதுவே நியதி. இழுக்காமல், நேராகத் தன் பக்கம் எடுக்க வேண்டும்.

கண்ணை ஏமாற்றும் வேலைக்கு நம்மிடையே இதைவிடப் பெரிய சான்றும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாக ஒரு சிறு சிற்பம் இருக்கிறது. ரிஷபகுஞ்சரம் என்பார்கள். ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில் அது. கும்பகோணத்துக்கு வெற்றிலை, பாத்திரம் கொள்முதலுக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம்.

வேலைக்கு வருவோம். கணக்கு இல்லாமல் தகட்டை எடுத்தால் கடைசிப் பெட்டி சுவரோரத்தில் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கும். அது அசிங்கம். ஆகவே முதலில் சுவரை அளக்க வேண்டும். சுவரின் அகலத்தை எத்தனை பெட்டி வேண்டுமோ அத்தனையால் வகுத்து, வந்ததை 1.732 ஆல் வகுத்தால் சாய்சதுரத்தின் ஒரு பக்க நீளம் கிடைக்கும். எங்கள் சுவர் 305 சென்டிமீட்டர். 17 பெட்டி என்று வைத்துக்கொண்டோம். ஒரு பெட்டியின் அகலம் 17.94, பக்கம் 10.36 சென்டிமீட்டர். வரிசைக்கு வரிசை ஏறும் உயரம், பக்க நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 15.54. அடுத்த வரிசை அரைப் பெட்டி நகர்ந்து தொடங்கும். 11 வரிசை அடித்ததில் 176 சென்டிமீட்டர் உயரம் வந்தது. தரையிலிருந்து மூன்றடியை வெறுமனே விட்டுவிட்டோம். குழந்தைகளின் கையும் நாற்காலியின் முதுகும் படும் இடத்தில் எந்த அலங்காரமும் ஆறு மாதம் தாங்காது.

சில்லறைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். தகடு வெட்டுவதில் பெட்டிக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் 17-ஆவது பெட்டியில் 17 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். எடைக்கு ஒரு சிட்டிகை கூடப் போடுகிற பையன் மாசக் கடைசியில் மூட்டைக் கணக்கை உதைக்க வைப்பது போலத்தான். எனவே ஒரு பெட்டியைப் பார்த்து அடுத்ததை ஒட்டிக்கொண்டே போகக் கூடாது. சுவர் முழுதுக்கும் முதலிலேயே கோடு போட்டுவிட வேண்டும். நேர் கோட்டுக்குத் தூக்குக்குண்டு, மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிய டியூப், கோடு போடுவதற்குக் கோலமாவு தடவிய நூல். கொத்தனாரைப் போல நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்துவிடலாம். கோடு போடுவதற்கே எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அடிப்பதற்கு அடுத்த இரண்டு ஞாயிறு போதுமாயிருந்தது.

தகட்டுக்குத் தகரம் தேவையில்லை. பழைய எக்ஸ்ரே படம் போதும். போர்டு எழுதும் ஓவியர்கள் வெகுநாளாக அதைத்தான் வெட்டிப் பயன்படுத்தினார்கள். வளையும், கிழியாது, துடைத்தால் சுத்தமாகும். பெரிய எக்ஸ்ரே படத்தில் இடைவெளி விட்டு இரண்டு சாய்சதுரம் வெட்டலாம். இங்கே ஒரு சிக்கனம் இருக்கிறது. இடப்பக்கத்து முகமும் வலப்பக்கத்து முகமும் கண்ணாடியில் தெரிவது போல ஒன்றுக்கொன்று பிம்பம். ஆகவே இரண்டு தகடு வேண்டாம். ஒன்றை வெட்டி, நடுத்தர நிறத்தை முழுச் சுவருக்கும் அடித்து முடித்து, காய்ந்த பிறகு தகட்டைத் துடைத்துத் திருப்பிப் போட்டு அடர் நிறத்தை அடிக்கலாம். மேல் முகத்துக்கு அதுவும் வேண்டாம். சுவரின் அடிப்பூச்சே வெளிர் நிறமாக இருந்தால் அதுவே மேல் முகமாகிவிடும். மூன்று நிறப் படம், இரண்டு நிற வேலை, ஒரே தகடு. கிட்டத்தட்ட 200 தடவை தகட்டை வைத்து எடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முழங்கை வலிக்கும்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் பலரும் தவறுகிறார்கள். மூன்றும் ஒரே நிறத்தின் மூன்று அழுத்தமாக இருப்பது நல்லது. நாங்கள் அடிப்பூச்சுக்குச் சந்தன நிறமும், அடர் நிறத்துக்குக் காப்பிக்கொட்டை நிறமும் எடுத்தோம். அடர் நிறம் ஒரு பங்கும் சந்தனம் இரண்டு பங்கும் கலந்ததில் நடுத்தரம் கிடைத்தது. சிவப்பும் பச்சையும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் நிறம் வேறானாலும் பெட்டி எழும்பாது. சந்தேகம் இருந்தால் அட்டையில் ஒரு பெட்டி அடித்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எங்கள் பேரன் சொன்னது இதைவிடச் சுலபம். கைபேசியில் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் மூன்று அழுத்தமும் தனித்தனியே தெரிகிறதா என்று உடனே தெரிந்துவிடும். சன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்க முகம் நடுத்தரமாகவும், எதிர்ப்பக்கம் அடர்த்தியாகவும் இருக்கட்டும். சன்னல் வெளிச்சமும் படத்து வெளிச்சமும் ஒத்துப்போனால்தான் கண் முழுதாக நம்பும்.

பூச்சு தண்ணீரில் கலக்கும் எமல்ஷனாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் நேரே அடித்தால் ஒட்டு நாடாவோடு சுண்ணாம்பும் கையில் வரும். சுரண்டி, பிரைமர் போட்டு, எமல்ஷன் ஒரு கோட் அடித்த பிறகே தகடு. ஓதம் ஏறிப் பொரிந்த சுவரை விட்டுவிடுங்கள். அதற்கு வைத்தியம் வேறு.

பழைய எண்ணெய்ப் பெயிண்ட் இருக்கும் சுவரைச் சுரண்டும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. முன்காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. சுரண்டிய தூள் காற்றில் பறந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அந்தப் பக்கம் விடக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்று மத்திய அரசு 2016-இல் விதி வெளியிட்டு, அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மளிகையோடு பெயிண்ட் டின்னும் வைத்து விற்கும் நண்பர்கள் பரணில் கிடக்கும் பழைய டின்களை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது. மலிவாகத் தருகிறேன் என்று யாருக்கும் தள்ளிவிட வேண்டாம்.

இனி எங்கள் புத்தி கெட்ட கதை. கூடத்துச் சுவர் நன்றாக அமைந்து, வந்தவர்களெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் எங்களுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பேரன் புத்தகம் ஒன்றிலிருந்து வேறொரு படம் காட்டினான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊரில் ஒரு தேநீர்க் கடையின் வெளிச்சுவரில் கருப்பும் வெள்ளையுமாகச் சதுர ஓடு பதித்து, வரிசைக்கு வரிசை சற்றுத் தள்ளி வைத்திருந்தார்களாம். நடுவில் சாம்பல் நிறச் சாந்துக் கோடு. கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகத்தான் இருக்கின்றன. கண்ணுக்கோ ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று சாய்ந்து தெரிகின்றன. ரிச்சர்டு கிரெகரி என்ற அறிஞர் இன்னொருவருடன் சேர்ந்து 1979-இல் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். சாந்துக் கோடு கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிறமாக இருக்கும் வரையில்தான் இந்த மயக்கம். சதுரத் தகடு ஒன்று போதும், வெட்டுவது சுலபம் என்று கடையில் கல்லாவுக்குப் பின்சுவரில் அதை அடித்துவிட்டோம்.

இரண்டாம் நாளே ஒரு வாடிக்கைக்கார அம்மா, "என்ன அண்ணாச்சி, பலகை சாயுது, எண்ணெய் டின் தலையில விழுந்துடப் போகுது" என்றார். ரசமட்டம் வைத்துக் காட்டினோம். சிரித்தார், ஆனாலும் தள்ளியே நின்றார். அதன் பிறகுதான் வினை வந்தது. மூட்டைக்குப் பயன்படும் பழைய கைத்தராசு அந்தச் சுவருக்கு முன்னால்தான் தொங்கும். வெகுநாள் பழகிய சில்லறை வியாபாரி ஒருவர், தராசுத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாய் திறக்காமல் மூட்டையைப் பக்கத்து எடைமேடைக்கு எடுத்துப் போய் எடை போட்டுப் பார்த்தார். எடை சரியாகத்தான் இருந்தது. தராசு முத்திரை போட்டது. இருந்தும் அவர் முகத்தில் ஓடிய அந்தச் சந்தேகத்தை எங்களால் பொறுக்க முடியவில்லை. அன்று மாலையே கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, அந்தச் சுவருக்கு இரண்டு கோட் வெள்ளை அடித்தோம். எடை போடும் இடத்துக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும்.

மற்றது அதைவிடப் பெரிது. கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். சுவரில் மிஞ்சிய பெயிண்டை வீணாக்குவானேன் என்று அந்தப் படியிலும் கீழ்த் தரையிலும் அதே பெட்டிகளை அடித்தோம். பார்க்க அழகாகவே இருந்தது. தைப்பூசத்துக்கு வந்திருந்த எங்கள் அக்காவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் புரை இருக்கிறது. விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்து போனவர், படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலை வைத்து விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டு. "சுவர்ல ஏமாந்தா சிரிச்சிட்டுப் போகலாம், தம்பி. காலடியில ஏமாத்தலாமா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை. பெட்டி இருப்பதாகக் காட்டும் அதே வித்தை, உண்மையாக இருக்கும் படியின் விளிம்பை மறைத்துவிடுகிறது. இப்போது படி முழுதும் ஒரே நிறம். விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பட்டை. கடைப் படிக்கும் அப்படியே அடித்துவிட்டோம். முதியவர்கள் வந்து போகும் கடைகளில் இந்த மஞ்சள் பட்டை ஒன்றை மட்டுமாவது இந்த வாரமே அடித்துவிடுங்கள். கால் டின் பெயிண்ட் கூட ஆகாது.

வியாபார நோக்கிலும் ஒரு வார்த்தை. இந்தத் தகடுகளை விளையாட்டுச் சாமானாக நினைத்து ஒதுக்க வேண்டாம். மார்கழியில் கோலத் தகடு வாங்க வரும் பெண்களே தைக்கு முன் சுவருக்கும் கேட்கிறார்கள். வாங்கி வைப்பவர்கள் ஓரம் சுத்தமாக வெட்டியிருக்கிறதா, இரண்டு தகட்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஓட்டைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து எடுக்கவும். பொருந்தாத தகட்டை வாங்கிப் போனவர் மூன்றாவது வரிசையில் நம்மைத் திட்டுவார். தகட்டோடு குத்துப் பிரஷ்ஷும் பஞ்சுத் துண்டும் சேர்த்துக் கொடுத்து, ஈரம் வற்றிய பிரஷ் என்ற அந்த ஒரு விஷயத்தையும் வாயால் சொல்லி அனுப்பினால் திரும்ப வருவார்கள்.

எங்கள் எக்ஸ்ரேத் தகடு கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. சங்கத்து நண்பர்கள் யார் வேண்டுமானாலும் வந்து அளவெடுத்துக்கொள்ளலாம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையில் கூட்டம் இருக்காது.